தம்பி சீருடையில், அக்கா முகநூலில்: போர்க்காலத்தில் யார் எதைப் பேசலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். ஐந்து மாதமாகப் போர்முனையில். நான் பள்ளி ஆசிரியை. இது வேண்டாத போர் என்று முதல் நாளிலிருந்தே முகநூலில் எழுதிவருகிறேன். "தம்பி அங்கே உயிரைக் கொடுக்கிறான், நீ இங்கே உட்கார்ந்து அவன் முதுகில் குத்துகிறாய்" என்று சொந்தக்காரர்களே ஏசுகிறார்கள். இதற்கிடையில் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டான். குளிர் உடுப்பு இன்னும் வந்துசேரவில்லை, மேலதிகாரிக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை, அடுத்த வாரம் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள் என்றெல்லாம் புலம்பியிருந்தான். சித்தி மகன் அதை வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பிவிட்டான். இப்போது பயமாக இருக்கிறது. தம்பிக்குத் தண்டனை வருமா? நான் எழுதுவது குற்றமா? என் எழுத்துக்காக அவனைப் பிடிப்பார்களா? சிப்பாய்க்குப் பேச்சுரிமை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?
(பெயர் வேண்டாம், ஓர் அக்கா)

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் குரல்பதிவு. மற்றதை ஆற அமரப் பேசலாம். இது இன்று ராத்திரிக்குள் முடிய வேண்டிய காரியம். சித்தி மகனிடம் சொல்லி, அனுப்பிய இரண்டு குழுக்களிலிருந்தும் அதை எடுக்கச் சொல்லுங்கள். யாரும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போடட்டும். ஏன், எதற்கு என்று விளக்கப் போக வேண்டாம். விளக்கினால்தான் எல்லோரும் இன்னொரு தடவை போட்டுக் கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: தம்பியின் படைப்பிரிவில் இதைப் பற்றி ஏற்கெனவே விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரியவந்தால், எதையும் அழிக்காதீர்கள். மூலத் தவறு சின்னதாக இருக்கும். சாட்சியத்தை அழித்தது தனிக் குற்றமாகிப் பெரிதாக வந்து நிற்கும். அந்த நிலையில் தம்பி வக்கீலைக் கலக்காமல் எழுத்து மூலமாக எதுவும் கொடுக்கக் கூடாது. நல்ல பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "உள்ளதைச் சொல்லிடறேன் சார்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், கேட்காததற்கும் சேர்த்து.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால், அது நல்ல புத்திதான். சட்டப் பிரிவுகளின் எண் நாட்டுக்கு நாடு மாறும். எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த எலும்புக்கூட்டைத்தான் இங்கே காட்ட முடியும். உங்கள் நாட்டுச் சதையை உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின் பதிவில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. பேசியது ஒரே மூச்சில் என்றாலும் சட்டத்தின் முன் மூன்றும் வேறு வேறு. "உடுப்பு வரவில்லை" என்பது குறை. "மேலதிகாரிக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை" என்பது கருத்து. "அடுத்த வாரம் இடம் மாறுகிறோம்" என்பது தகவல். மூன்றில் உப்புச் சப்பில்லாமல் கேட்கிற மூன்றாவதுதான் அவரை உண்மையிலேயே சிக்கலில் மாட்டக்கூடியது.

படை எங்கே இருக்கிறது, எத்தனை பேர், எப்போது நகர்கிறது ஆகிய மூன்றையும் வெளியிட எந்த நாட்டுச் சட்டமும் யாருக்கும் உரிமை கொடுத்ததில்லை. பேச்சுரிமைக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்திரிகைகள் வெளியிடும் முன்பே தடுக்கிற முன்தடை கூடாது என்று சொன்ன 1931-ஆம் ஆண்டின் நியர் வழக்கிலேயே இந்த விதிவிலக்கைப் போட்டுவைத்தது: துருப்புகளை ஏற்றிய கப்பல் புறப்படும் தேதியையும், படைகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வெளியிடுவதை அரசு தடுக்கலாம், அதில் யாருக்கும் சந்தேகம் வராது என்று. இது ராணுவத்தானுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். 2022-இல் உக்ரைன், தன் படைகளின் இருப்பிடத்தைப் படம் பிடித்துப் போடுவதைப் பொதுமக்களுக்கும் குற்றமாக்கியது. 2025 ஏப்ரலில் இந்திய அரசு, ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது என்று தொலைக்காட்சிகளுக்கும் சமூக ஊடகங்களில் எழுதுகிறவர்களுக்கும் அறிவுறுத்தியது. இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். இதற்குப் பின்னால் உயிர் இருக்கிறது.

கைபேசியால் வரும் ஆபத்து கட்டுக்கதை இல்லை. 2018 ஜனவரியில், ஓட்டப்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே சின்னச் சின்ன ஒளிவட்டங்கள் தெரிந்தன. சிப்பாய்கள் காலையில் முகாமைச் சுற்றி ஓடிய தடம் அது. யாரும் எதையும் எழுதவில்லை, பேசவில்லை, ஓடினார்கள், அவ்வளவுதான். 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மகீவ்கா நகரில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஏவுகணை விழுந்து 89 பேர் இறந்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. தடையை மீறிப் படையினர் கைபேசிகளைப் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் சொன்னது. போரை ஆதரிக்கிற ரஷ்யர்களிலேயே சிலர் இதை ஏற்கவில்லை. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்துவைத்தது யார், தளபதி செய்த தவறைச் செத்தவன் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கலாம். ஆனால் உங்கள் தம்பியின் மூன்றாவது வாக்கியம் விசாரணைக்கு வந்தால், அதிகாரியின் மேசைமேல் இப்படிப்பட்ட சம்பவங்களின் நினைவுதான் இருக்கும்.

வீட்டுக்கு எழுதுவதை ராணுவம் கண்காணிப்பதும் இன்று நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை சிப்பாய்களுக்கு அச்சடித்த ஒரு அஞ்சலட்டை கொடுத்தது. "நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்", "உன் கடிதம் கிடைத்தது" என்று வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட வேண்டும். தேதியும் கையெழுத்தும் தவிர வேறு ஒரு எழுத்து கூடினாலும் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே போட்டிருக்கும். அம்மாவுக்கு அன்பு முத்தம் என்று சேர்த்தாலும் போச்சு. அதே போரில் பிரான்சில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகமே இருந்தது. அவர்கள் சும்மா இருந்தார்களா? "கறுப்பு மிளகு" என்றால் இந்தியர், "சிவப்பு மிளகு" என்றால் வெள்ளைக்காரர் என்று வைத்துக்கொண்டு, எந்த மிளகு எவ்வளவு தீர்ந்துபோனது என்று ஊருக்கு எழுதினார்கள். தணிக்கை அதிகாரிகள் அதையும் கண்டுபிடித்துக் கோப்பில் எழுதிவைத்ததால்தான் இன்று நமக்கே தெரிகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழு அந்தரங்கம் என்று தம்பி நினைத்திருந்தால், அவருக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த மிளகுக் கதையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். "சிப்பாய்க்குப் பேச்சுரிமை இருக்கிறதா, இல்லையா?" என்ற உங்கள் கேள்வி இதில்தான் அடங்கியிருக்கிறது. இருக்கிறது. ஆனால் அவருடைய உரிமையை அளக்கிறபோது சொன்னது என்ன என்பதைவிட, யாராக நின்று யாரிடம் சொன்னார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் அதிகம் பார்க்கின்றன.

இந்தியாவில் இது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. படையினருக்கு எந்த அடிப்படை உரிமையை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அதன்படி 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 21-ஆவது பிரிவில், பத்திரிகைகளோடு தொடர்புகொள்வதையும் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதையும் விதிகள் போட்டுக் கட்டுப்படுத்த வழி செய்கிறது. 2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி இந்திய ராணுவம் உத்தரவிட்டபோது ஒரு அதிகாரி தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உத்தரவில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நான் இளம் வக்கீல்களுக்கு எப்போதும் சொல்வேன். 1965 நவம்பர், டெக்சாஸின் எல் பாசோ நகரம். வியட்நாம் போரை எதிர்த்து ஒரு சின்ன ஊர்வலம். அதில் ஹென்றி ஹோ என்ற இளம் ராணுவ அதிகாரி, சாதாரண உடையில், வேலை நேரத்துக்கு வெளியே, கையில் அட்டை பிடித்துக்கொண்டு நடந்தார். ஜான்சனின் பாசிச ஆக்கிரமிப்பை நிறுத்து என்று அட்டையில் எழுதியிருந்தது. ஜான்சன் அன்றைய ஜனாதிபதி. பக்கத்தில் நடந்த பேராசிரியர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஹோ கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்றத்துக்குப் போனார். அதிகாரி நிலையில் உள்ளவர் ஜனாதிபதியை இழிவாகப் பேசுவது அமெரிக்க ராணுவச் சட்டத்தில் குற்றம். அதே அட்டையை ஒரு சாதாரணச் சிப்பாய் பிடித்திருந்தால் அந்தப் பிரிவு அவரைத் தொட்டிருக்காது. அதிகாரிகளுக்கு மட்டுமான பிரிவு அது. வேறு பிரிவு வந்திருக்கும் என்பது தனிக்கதை.

டாக்டர் ஹோவர்ட் லெவியின் கதை இன்னும் கனமானது. தென் கரோலினாவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் தோல் மருத்துவர், கேப்டன். சிறப்புப் படையின் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாட்டேன் என்றார். கறுப்பினச் சிப்பாய்கள் வியட்நாம் போக மறுக்க வேண்டும் என்று மருத்துவமனையிலேயே பேசினார். மூன்று ஆண்டுத் தண்டனை. 1974-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. படை என்பது பொதுச் சமூகத்திலிருந்து விலகிய தனிச் சமூகம், கீழ்ப்படிதலும் ஒழுங்கும் அங்கே உயிர்நாடி என்பது தீர்ப்பின் சாரம். அந்தச் சட்டப் பிரிவுகள் "அதிகாரிக்கும் கனவானுக்கும் பொருந்தாத நடத்தை" என்கிற அளவுக்குத் தெளிவில்லாதவை. இதை வைத்துக்கொண்டு மேலதிகாரிக்குப் பிடிக்காத எதையும் குற்றமாக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நீதிபதிகள் மூவருக்கும் தோன்றியது. ஐந்து பேருக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறு தடத்தில் போனது. நெதர்லாந்தில் கட்டாயச் சேவையில் இருந்த சிப்பாய்கள் தங்களுக்குள் நடத்திய இதழில் அதிகாரிகளைத் தாக்கி எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பேச்சுரிமை மற்றவர்களைப் போலவே சிப்பாய்களுக்கும் உண்டு என்று 1976-இல் நீதிமன்றம் முதலில் சொன்னது. பிறகு, இந்த வழக்கில் தண்டனை சரிதான் என்றும் சொன்னது. வாதிகளுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. 1994-இல் ஆஸ்திரியச் சிப்பாய்களின் விமர்சன இதழ் ஒன்றை முகாம்களில் வினியோகிக்க மறுத்தது தவறு என்று தீர்ப்பு வந்தது. 1997-இல் கிரிகோரியாடிஸ் வழக்கு வந்தது. கிரேக்க ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்த இளைஞர் அவர். படைவீரர்கள் மோசமாக நடத்தப்படுவதைப் பார்த்து மேலதிகாரிகளோடு மோதியவர். ராணுவமே ஒரு குற்றவியல், பயங்கரவாத இயந்திரம் என்று ஒரு கடிதம் எழுதி, ஒரு டாக்சிக்காரர் கையில் கொடுத்துத் தன் படைத்தலைவருக்கே அனுப்பினார். மூன்று மாதச் சிறை. ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வார்த்தைகள் கடுமைதான், ஆனால் கடிதம் பத்திரிகைக்குப் போகவில்லை, சக சிப்பாய்களிடையே பரப்பப்படவில்லை, குறிப்பிட்ட ஆளைத் திட்டவும் இல்லை என்று காரணம் சொன்னது.

உங்கள் தம்பியின் "ஒரு மண்ணும் தெரியவில்லை"யை இதோடு வைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு மேலதிகாரியைச் சொல்கிறார். ஆனால் குடும்பத்துக்குள் சொல்கிறார். பரப்பியது சித்தி மகன், தம்பி இல்லை. நல்ல வக்கீல் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் இது கண்டிப்போடும் ஒழுங்கு நடவடிக்கையோடும் முடிகிற விஷயம் என்பது என் கணிப்பு. நாட்டைப் பொறுத்து இது தலைகீழாகவும் ஆகலாம். 1945 பிப்ரவரியில் சோவியத் பீரங்கிப் படைக் கேப்டன் ஒருவர், பள்ளிக்கூட நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் கேலி செய்ததற்காகப் போர்முனையிலேயே கைது செய்யப்பட்டு எட்டு ஆண்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவர் பெயர் அலெக்சாண்டர் சோல்செனித்சின். பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் உலகத்துக்குத் தெரிந்தது. பரிசு வாங்காதவர்கள் எத்தனை பேரோ.

முதல் வாக்கியம், குளிர் உடுப்பு. இதில் தம்பிக்கு உரிமை முழுசாக இருக்கிறது, அவர்தான் அதைத் தவறான கதவில் தட்டியிருக்கிறார். எல்லா ராணுவங்களிலும் குறை சொல்ல வழி உண்டு. இந்திய ராணுவச் சட்டத்தில் 26, 27 பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. ஜெர்மனியில் நாடாளுமன்றத்தின் ராணுவ ஆணையர் என்று ஒரு பதவியை 1956-இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைத் தாண்டி அவருக்கு நேராக எழுதலாம். அமெரிக்காவில் நாடாளுமன்ற உறுப்பினருக்கோ தலைமை ஆய்வாளருக்கோ எழுதிய படைவீரரைப் பழிவாங்கக் கூடாது என்று 1988-இல் சட்டம் வந்தது. "வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு பேருக்குத் தெரியும், மனு போட்டால் யாருக்குத் தெரியும்" என்று பையன்கள் கேட்பார்கள். மனுவின் வேலை வேறு. நாளைக்கு அவர் மேல் நடவடிக்கை வந்தால், "முறைப்படி சொல்லியும் கேட்கவில்லை" என்று காட்ட ஒரு தேதி வேண்டும். குரல்பதிவில் புலம்பல் இருக்கும், தேதி போட்ட பதிவு எண் இருக்காது.

உடுப்பைவிடப் பெரிய விஷயமாக இருந்தால்? பொதுமக்களைச் சுடுவதைத் தம்பி பார்த்திருந்தால்? அப்படி எதுவும் நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். 1968 மார்ச் 16-ஆம் தேதி வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான கிராமத்தவர்களைக் கொன்றது. ஓராண்டுக்கு அது வெளியே வரவில்லை. அங்கே இல்லாத, ஆனால் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேகரித்த ரான் ரைடனவர் என்ற சிப்பாய், படையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பியதும் 1969 மார்ச் கடைசியில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். யார் சொன்னார், எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அதை நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளுமாக ஏறக்குறைய முப்பது பேருக்கு அனுப்பினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. ஓரிருவர் விடாமல் கேட்டார்கள். ராணுவ விசாரணை தொடங்கியது. செப்டம்பரில், அந்தக் கிராமத்தில் ஒரு படைக்குழுவை நடத்திய லெப்டினன்ட் காலி மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. பத்திரிகையில் வந்தது நவம்பரில்தான். போர்க்குற்றத்தைப் பற்றிச் சொல்வதை ரகசியக் கசிவு என்று சொல்லி மிரட்டுவார்கள். மிரளாமல், வக்கீலை வைத்துக்கொண்டு, இந்த மாதிரிப் போக வேண்டும்.

இனி உங்கள் விஷயம். "இது வேண்டாத போர்" என்று எழுதுவது கருத்து. சட்டப்படி ஆளும் எந்த நாட்டிலும் அது உங்கள் உரிமை, போர்க்காலத்திலும். 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 19-ஆவது பிரிவில் இந்த உரிமையைத் தருகிறது. தேசத்தின் உயிருக்கே ஆபத்து என்கிற அவசர நிலையில், முறைப்படி அறிவித்து, நிலைமைக்குக் கண்டிப்பாகத் தேவையான அளவுக்கு மட்டும் அரசு அதைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு தடைசெய்யச் சொல்வது போருக்கு ஆதரவான பிரசாரத்தை! நடைமுறையில் எந்தப் பிரசாரம் செய்தவர் உள்ளே போகிறார் என்பது உங்களுக்கே தெரியும். இந்தியாவில் போரையோ வெளி ஆக்கிரமிப்பையோ காரணமாகக் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால், 358-ஆவது பிரிவின்படி பேச்சுரிமையைத் தருகிற 19-ஆவது பிரிவே அந்தக் காலத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயுதக் கலகத்தைக் காரணமாகக் காட்டி அறிவித்தால் அப்படி ஆகாது. 1978-இல் 44-ஆவது திருத்தம் அந்த அளவுக்குக் கதவைச் சாத்திவைத்தது.

தாளில் இருப்பது இது. தரையில், போர் வந்ததும் அரசுகள் முதலில் செய்வது உங்கள் கருத்தையும் தம்பியின் தகவலையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான். 1917-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் சார்லஸ் ஷென்க் என்ற சோஷலிஸ்ட் ஏறத்தாழ 15,000 துண்டறிக்கைகள் அச்சடித்துக் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினார். அவற்றில் இருந்தது, அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி மனுப் போடுங்கள் என்பது. படை ரகசியம் ஒரு துளி இல்லை. வேவு பார்த்தலைத் தடுக்கும் சட்டத்தில் சிறை. திரையரங்கில் பொய்யாக "தீ" என்று கத்துபவனைச் சட்டம் காப்பாற்றாது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதிய புகழ்பெற்ற வரி இந்த வழக்கில் வந்ததுதான். இன்றும் பேச்சுரிமைக்கு எல்லை உண்டு என்று வாதிடுகிறவர்கள் அதை எடுத்து வீசுகிறார்கள். அந்தத் "தீ" ஒரு மனுப் போடும் யோசனைதான் என்று சேர்த்துச் சொல்வதில்லை. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ், போரை எதிர்த்த ஒரு மேடைப் பேச்சுக்குப் பத்தாண்டு வாங்கினார். 1920-இல் சிறையிலிருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிப் படமெடுத்த ஒரு தயாரிப்பாளர், அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொடூரமாகக் காட்டினார் என்பதற்காக உள்ளே போனார். காரணம், பிரிட்டன் இப்போது நட்பு நாடு! அதே ஹோம்ஸ் எட்டு மாதத்தில் மனம் மாறி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஆனால் உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டுவதாகவும், அது நடக்கக்கூடியதாகவும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் வந்துசேர 1969 ஆகிவிட்டது.

பிரிட்டனில் 1942 மார்ச்சில் டெய்லி மிரர் பத்திரிகையில் ஒரு கார்ட்டூன். கப்பல் மூழ்கி, கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மாலுமி. கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்தது என்ற வாசகம். பெட்ரோலை வீணாக்காதே, அதற்குப் பின்னால் உயிர் இருக்கிறது என்பதுதான் வரைந்தவரின் எண்ணம். எண்ணெய் நிறுவனங்களின் லாபத்துக்காக மாலுமிகள் சாகிறார்கள் என்று படித்தது சர்ச்சிலின் அரசு. பத்திரிகையை மூடிவிடுவோம் என்று எச்சரித்தது. நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பது பாதி, படிக்கிற அதிகாரி அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது மீதி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1943-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தையற்காரப் பெண் ஒருவர், போர் தோற்றுப்போனது என்று வாடிக்கையாளரிடம் பேசியதற்காக, படைபலத்தைக் குலைத்தார் என்று தலை வெட்டப்பட்டார். 2022-இல் ரஷ்யாவில் சாஷா ஸ்கோசிலென்கோ என்ற ஓவியர், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போர்ச் செய்திகள் அச்சிட்ட சீட்டுகளைச் செருகிவைத்தார். ஏழாண்டுத் தண்டனை. கைதிகள் பரிமாற்றத்தில் 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்.

"முதுகில் குத்துகிறாய்" என்பவர்களுக்கு ஒன்று. 1940-இல் காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது, போர் நடக்கும்போது போருக்கு எதிராகப் பேசும் உரிமைக்காகத்தான். அக்டோபர் 17-ஆம் தேதி பவுனாரில் முதல் ஆளாக வினோபா பாவே பேசினார். சில நாளில் கைது. இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நேருவுக்கு நான்காண்டுத் தண்டனை. எதிரி நாஜி ஜெர்மனி என்று தெரிந்தும் அந்த உரிமையைக் கேட்டார்கள். அது சரியா என்று அன்றும் சண்டை நடந்தது, இன்றும் நடக்கும். ஆனால் போர்க்காலத்தில் போரை மறுத்துப் பேசுவது நேற்று முகநூலோடு வந்த வியாதி இல்லை என்று உறவினர்களிடம் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு.

உங்கள் எழுத்துக்காகத் தம்பியைப் பிடிப்பார்களா? அக்காவின் கருத்துக்குத் தம்பி பொறுப்பாளி என்று சொல்லும் சட்டம் நாகரிகமான எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் ஒரு விசாரணை அதிகாரி உங்கள் பதிவுகளை எப்படிப் படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். "இந்தப் போர் வேண்டாம்" என்ற பதிவை ஒரே நொடியில் தாண்டிப் போவார். "போர்முனையில் பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள், உடுப்பு கூட இல்லை" என்ற பதிவில் நின்றுவிடுவார். இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது, எந்தப் படைப்பிரிவு? நூல் பிடித்தால் தம்பி வந்துவிடுவார். நேர்மையாகப் பார்த்தால் இரண்டாவது பதிவுதான் வலுவான எழுத்து, மக்களை உலுக்குவது. எழுதக் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதாதீர்கள். பத்திரிகையில் வந்தது, நாடாளுமன்றத்தில் பேசியது, அரசே அறிவித்தது இவற்றை வைத்து எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். தம்பி வாயிலிருந்து வந்த எதுவும் வேண்டாம், அவர் படமும் வேண்டாம், "ராணுவ வீரனின் அக்கா சொல்கிறேன்" என்ற தலைப்பும் வேண்டாம். அந்தத் தலைப்பு உங்கள் எழுத்துக்குத் தரும் பலத்துக்கு அவர்தான் வட்டி கட்டுவார்.

ஆசிரியை என்றீர்கள். அரசுப் பள்ளியா, தனியாரா என்று சொல்லவில்லை. பணி விதிகளில் அரசை விமர்சிப்பது பற்றி ஏதாவது இருக்கும்; எடுத்துப் படித்துவிடுங்கள். அரசு வழக்குப் போடாமலே நிர்வாகம் வேலையைப் பறிக்க முடியும், அதற்குப் பேச்சுரிமை பெரிதாகக் குடை பிடிக்காது. வகுப்பறையில் இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம்.

தம்பியிடம் பேசும்போது திட்டாதீர்கள், அவர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பார், குளிரில் மட்டுமல்ல. உடுப்புக் குறையைத் தேதி போட்டு, எத்தனை பேருக்கு எது வரவில்லை என்று மட்டும் எழுதி, மேலதிகாரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், உரிய வழியில் கொடுக்கச் சொல்லுங்கள். நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.